இறக்கத்தின் வரலாறு
சப்பிரகமுவத் தோட்டப் பாதைகளிலே தடுப்புக் கருவிகளின் தேய்வும் பேணலும்

மலைநாட்டுப் பாதைகளின் வரலாற்றை எழுத முற்பட்டோரிற் பெரும்பாலோர் ஏற்றத்தின் வரலாற்றையே எழுதிச் சென்றனர். எக்கணவாய் எவ்வாண்டிலே வெட்டப்பட்டது, புகையிரதம் எவ்வாண்டிலே எவ்வுயரத்தை எட்டியது, எந்தத் தேசாதிபதியின் காலத்திலே எத்தனை மைல் வீதி அமைந்தது என்பனவே அவ்வரலாறுகளின் பொருளாயின. ஆயின், தோட்டப் பொருளாதாரத்தின் இயல்பை நோக்குமிடத்து, அதன் பெருஞ்சுமை மேலிருந்து கீழ்நோக்கியே வந்தது என்பது புலனாகும். அரிசியும் உரமும் இயந்திரங்களும் மேலே சென்றன என்பது மெய்யே. எனினும், தோட்டம் எதற்காக இருந்ததோ அப்பொருள், கோப்பியாயினும் தேயிலையாயினும் றப்பராயினும், நிறைந்த வண்டியிலே சரிவு வழியே இறங்கித்தான் கொழும்பை அடைந்தது. நிறைந்த வண்டியை மேலே இழுப்பதற்கு வலிமை வேண்டும். அதனைக் கீழே இறக்குவதற்கோ அதன் விரைவைத் தடுத்தாளும் கருவி வேண்டும். அக்கருவி தேய்ந்துகொண்டே வேலை செய்வது. அத்தேய்வைக் கண்காணித்தோர் யாவர், எவ்வாறு கண்காணித்தனர், கண்காணிக்கத் தவறியவிடத்து நேர்ந்தது யாது என்பவற்றை இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விபத்துச் செய்திகளிலே நாம் அடிக்கடி காணும் தொடர் ஒன்று உண்டு. "பிறேக் பிடிக்கவில்லை" என்பதே அது. ஒரு கணத்திலே நிகழ்ந்த ஒன்றைக் கூறுவது போல அத்தொடர் அமைந்துள்ளது. வரலாற்று மாணவனுக்கு அது ஐயத்தை விளைவிக்க வேண்டும். தடுப்புக் கருவி மில்லிமீற்றர் மில்லிமீற்றராகத் தேய்வது. அதன் எண்ணெய் மாதக்கணக்கிலே ஈரத்தை உறிஞ்சுவது. அதன் உலோகம் ஒவ்வோர் இறக்கத்திலும் சூடேறி ஆறுவது. பள்ளத்தின் ஓரத்திலே வண்டி நில்லாது போகும் அக்கணம், நீண்டதொரு காலத்தின் கடைசி நொடியாகும். அந்நீண்ட காலத்தை அறிக்கைகள் பெரும்பாலும் எழுதுவதில்லை. சாரதியின் கவனயீனம் என்றோ இயந்திரக் கோளாறு என்றோ ஒரு வரியிலே முடித்துவிடுவதே வழக்கமாயிற்று.

சப்பிரகமுவ 1889 ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக வகுக்கப்பட்டது. களனி கங்கையும் களு கங்கையும் பாயும் தாழ்நிலத்துக்கும் மத்திய மலைநாட்டுக்கும் இடைப்பட்ட படிக்கட்டு என்றே அதனைக் கூறலாம். கேகாலை, மாவனல்லையைக் கடந்து கடுகண்ணாவைக்கு ஏறும் கண்டி வீதி. அவிசாவளைக்கு அப்பால் எட்டியாந்தோட்டை, கித்துல்கலையூடாகக் கினிகத்தேனைக்கு ஏறும் அற்றன் வீதி. இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடையைத் தாண்டி ஹல்துமுல்லைப் பக்கமாகச் செல்லும் வீதி. இறக்குவானையிலிருந்து பத்துக் கொண்டையூசி வளைவுகளோடு புளுதொட்டைக் கணவாயைக் கடந்து தெனியாயை நோக்கிச் செல்லும் வீதி ஆகிய யாவும் இம்மாகாணத்திலே மலையேறுவன. இவற்றிலிருந்து கிளைத்துத் தோட்டங்களுக்குள்ளே நுழைவன, இன்றும் எம்மவர் நாவிலே 'கரத்தை ரோட்டு' என்றே வழங்கும் பாதைகளாகும். கரத்தை மறைந்து நெடுங்காலமாயிற்று. பெயர் மாத்திரம் எஞ்சியுள்ளது. இவற்றோடு மழையையும் சேர்த்தெண்ண வேண்டும். இரத்தினபுரி ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையைப் பெறுவது. சரிவு, வளைவு, ஈரம் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடிய இந்நிலத்திலே தடுப்புக் கருவிக்கு ஓய்வு இல்லை.

கண்டி வீதியின் அமைப்பு வேலை எட்வர்ட் பார்ன்ஸ் என்பாரின் ஆட்சியிலே 1820 ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. அதனை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் கடுகண்ணாவையிலே இன்றும் நிற்கின்றது. 1832 இலே கொழும்புக்கும் கண்டிக்குமிடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. ஆயின் கோப்பியை இறக்கியவை மாட்டு வண்டிகளே. இரண்டு உருளை கொண்ட வண்டி சரிவிலே இறங்கும்போது அதன் பாரம் முன்னோக்கித் தள்ளி நுகத்தின் வழியே எருதுகளின் கழுத்திலே வந்து பொறுக்கும். முதலாவது தடுப்புக் கருவி, ஆகவே, எருதின் கழுத்தே எனலாம். அதற்கு உதவியாக உருளையின் இரும்புப் பட்டத்தோடு மரக்கட்டையை உரசவைக்கும் முறை மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் பொதுவானது. இம்முறையின் சிறப்பு யாதெனில், தேய்வு கண்ணுக்குத் தெரிந்தமையே. கட்டை மெலிந்தால் வண்டிக்காரன் அதனைக் காண்பான். காட்டிலே வேறொரு கட்டையை வெட்டுவான். இந்த எளிய உண்மையை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்வந்த நூறாண்டுகளிலே தேய்வு படிப்படியாகக் கண்ணுக்கு மறைந்தது என்பதே நாம் காணப்போகும் செய்தி.

1867 ஆம் ஆண்டிலே புகையிரதம் கண்டியை அடைந்தது. கேகாலை மாவட்டத்தின் ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் இருப்புப்பாதை ஏறத்தாழ 45 அடிக்கு ஓர் அடியாக உயர்வது. மேலே செல்லும் வண்டித் தொடருக்கு ரம்புக்கனையிலே உதவி இயந்திரம் ஒன்று பூட்டப்படும் செய்தியை எல்லா நூல்களும் கூறும். கீழே வரும் தொடரைப் பற்றி அவை அதிகம் பேசா. அச்சரிவைக் கடந்து வந்த கடுகதிப் புகையிரதமொன்று 2002 ஜனவரியிலே ரம்புக்கனைக்கு அருகே தடம்புரண்டு பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தடுப்பு இயங்காமையே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. பாதை அமைந்து 135 ஆண்டுகள் கழிந்த பின்னரும் அச்சரிவின் கணக்கு தீரவில்லை.

களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை வேறு வகையினது. இரண்டரை அடி அகலமுடைய அவ்வொடுங்கிய பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எட்டியாந்தோட்டை வரையும், 1912 இலே இரத்தினபுரி வரையும், 1919 இலே ஓபநாயக்க வரையும் சென்றது. தோட்டத்துத் தேயிலைப் பெட்டியும் றப்பர் கட்டும் மலையிலிருந்து அருகிலுள்ள நிலையம் வரை இறங்கினாற் போதும் என்ற நிலையை அது உண்டாக்கிற்று. எட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலக யுத்த காலத்திலே கைவிடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி 1970 களிலே மூடப்பட்டது. இம்மூடலைப் பற்றி வருந்தி எழுதியோர் பயணிகளின் இழப்பையே பேசினர். அதுவரை இருப்புப்பாதை தாங்கிய சுமை முழுவதும் லொறிச் சக்கரங்களுக்குள் இருந்த தடுப்புகளின் மீது வந்து விழுந்தது என்பது எவரும் கணக்கிலெடுக்காத ஒன்று.

இனி மோட்டார் வண்டியை நோக்குவோம். இலங்கைக்கு முதலாவது மோட்டார் கார் 1902 இலே வந்தது. அக்கால வண்டிகளிற் பெரும்பாலானவற்றுக்குப் பின்சக்கரங்களிலே மாத்திரமே தடுப்பு உண்டு. முன்சக்கரத் தடுப்பு 1920 களிலேதான் பரவலாயிற்று. சரிவிலே இறங்கும் வண்டியின் பாரம் முன்சக்கரங்களை நோக்கிச் சாய்வதனால், பிடி மிகுதியாகத் தேவைப்படும் இடத்திலே பிடி இல்லாத வண்டிகளே முதல் இருபது ஆண்டுகளும் இம்மலைகளிலே இறங்கின. மலைச்சரிவே தடுப்புக் கருவியின் வளர்ச்சிக்கும் காரணமாயிற்று என்பது சுவையான செய்தி. இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியிலே குதிரை வண்டிகளின் மரக்கட்டைகள் இறக்கத்திலே போதாமையைக் கண்ட ஹேர்பேட் ஃபுறூட் என்பவர் 1897 இலே வேறு பொருள்களை ஆராயத் தொடங்கினார். முதலிலே பருத்தி நெசவுப் பட்டையும், 1908 அளவிலே கல்நார் சேர்ந்த பட்டையும் அவர் முயற்சியாற் பிறந்தன. ஃபெறோடோ என்னும் வணிகப் பெயர் அவர் பெயரின் எழுத்துகளை மாற்றி அமைத்ததேயாகும். மலைநாட்டு வண்டிக்காரனின் கட்டையும் டார்பிஷயர் வண்டிக்காரனின் கட்டையும் ஒரே குறையுடையன. ஒன்றிலிருந்து தொழிற்சாலை எழுந்தது, மற்றையதிலிருந்து எழவில்லை. அதற்கான காரணத்தைக் குடியேற்ற நாட்டுப் பொருளாதாரம் பயின்ற மாணவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

கல்நார்ப் பட்டை பதித்த இரண்டு பிறேக் சூக்கள் சுழலும் உருளைப் பேழையின் உட்புறத்தை நோக்கி விரிந்து உரசும் முறையே டிறம் பிறேக் எனப்படுவது. 1948 முதல் வெளிவந்த மொறிஸ் மைனர் காரிலும், தோட்டங்களிலே ஓடிய லாண்ட் றோவரிலும், லொறிகளிலும், 1958 ஜனவரி 1 ஆந் திகதி அரசுடைமையான பஸ் சேவையின் வண்டிகளிலும் இருந்தது இதுவே. இதன் பெருங்குறை இரண்டு. முதலாவது, தேய்வது பேழைக்குள்ளே மறைந்திருத்தல். சக்கரத்தையும் டிறத்தையும் கழற்றினாலன்றிப் பட்டையின் தடிப்பை அறியவியலாது. இரண்டாவது, வெப்பம் வெளியேற வழியின்மை. இவ்விரண்டாவதே மலைநாட்டின் தலையாய சிக்கலாகும்.

வெப்பம் எவ்வளவு என்பதைச் சிறு கணக்கினாற் காட்டலாம். ஐந்து தொன் நிறையுள்ள லொறி ஆயிரம் அடி உயரத்திலிருந்து ஒரே சீரான வேகத்தில் இறங்குவதாகக் கொள்வோம். அவ்வுயரத்திலே அதற்கிருந்த ஆற்றல் எங்கோ சென்றாக வேண்டும். அதனைத் தடுப்புகள் மாத்திரமே ஏற்பதாயின், நாற்பது லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிக்கவைக்கப் போதிய வெப்பம் நான்கு சக்கரங்களிலும் பிறக்கும். லயத்துக் குடும்பமொன்று குளிப்பதற்கு வேண்டிய வெந்நீர் அது! அவ்வெப்பத்தால் டிறம் விரிந்து சூவிலிருந்து விலகும். பட்டையின் உராய்வுத் தன்மை குன்றும். மிதிகட்டை கீழே கீழே போகும். சாரதி மேலும் மிதிப்பான். வெப்பம் மேலும் கூடும்.

இதற்கு மாற்று மருந்து சாரதிகளிடமே இருந்தது. இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே முப்பது ஆண்டுகள் லொறி ஓட்டிய முதியவர் ஒருவரிடம் அதனைப் பற்றி வினவியபோது, "தம்பி, ஏறின கியர்லயே எறங்கணும், அவ்வளவுதான்" என்றார். இயந்திரம் வண்டியை இழுப்பது போலவே வண்டியைப் பிடித்து நிறுத்தவும் வல்லது என்னும் பொறியியல் உண்மை முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியுள்ளது. தாழ்ந்த கியரிலே இறங்கும் லொறியிலே பெரும்பங்கு ஆற்றலை இயந்திரமே ஏற்கும். பட்டைகள் வளைவுகளுக்கென்று மிஞ்சும். நியூட்ரலில் விட்டு எரிபொருளைச் சேமிக்க முயன்றவர்களைப் பற்றி அவர் சொன்ன கதைகளை ஈண்டு எழுத விரும்பவில்லை. அவருடைய சொல்லிலே ஒன்று மாத்திரம் பிழையானது. சூடேறிய சக்கரத்துக்குப் பீலித் தண்ணீரை வாரி ஊற்றுவது நல்லது என அவர் நம்பினார். வார்ப்பிரும்பு சடுதியாகக் குளிர்ந்தால் வெடிப்புக் காணும். ஓரத்திலே நிறுத்தித் தானே ஆறவிடுதலே முறை. வழிவழி வந்த அறிவு என்பதனாலே அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை.

1970 முதல் 1977 வரையான காலம் தனித்து நோக்கத்தக்கது. இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் உதிரிப்பாகங்கள் அரிதாயின. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களின் வழி அரசுக்குச் சென்றன. புதிய சூ கிடைக்காதவிடத்துப் பழைய சூவிலே புதிய பட்டையை ஆணியடித்துப் பொருத்தும் தொழில் நகரங்களிலே செழித்தது. கீறல் விழுந்த டிறத்தை லேத்திலே கடைந்து மீண்டும் மாட்டினர். கடையுந்தோறும் டிறம் மெலிவதையும், மெலிந்த டிறம் விரைவாகச் சூடேறுவதையும் கராஜ் பாஸ்மார் நன்கு அறிவர். அறிந்தும் வேறு வழியில்லை. ஆணித்தலை வெளியே தெரியும் வரை பட்டையை ஓட்டினால் அது டிறத்தை அறுத்துவிடும். ஆதலால் அந்நாட்களிலே பிறேக்கைக் கழற்றிப் பார்த்தல் ஒரு ஒழுங்காகவே பேணப்பட்டது. பற்றாக்குறை கவனத்தைக் கற்பித்தது என்று புகழ்ந்து கூறுவோர் உளர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அக்கவனத்திற்கு விலை கொடுத்தோர் கராஜிலே இருந்தனர். டிறத்துக்குள் திரளும் கரிய தூளை வாயாலும் காற்றுக் குழாயாலும் ஊதித் துடைப்பது அக்கால வழக்கம். அத்தூளிலே கல்நார் இழைகள் இருந்தன. அவை நுரையீரலிலே தங்கிப் பல பத்தாண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படுவன. பிரித்தானியா 1999 இலும் ஐரோப்பிய ஒன்றியம் முழுமையாக 2005 இலும் கல்நாரைத் தடைசெய்தன. நம் நகரங்களின் சிறு கராஜுகளிலே அத்தூளை ஊதியோரின் மூச்சு எவ்வாறு முடிந்தது என்பதற்கு ஏடு எதுவும் இல்லை.

டிஸ்க் பிறேக்கின் கதை இதனினும் பழையது. ஆனால் இம்மலைகளுக்குப் பிந்தியே வந்தது. பேமிங்ஹாமைச் சேர்ந்த ஃபிரெடெறிக் லான்செஸ்ரர் 1902 இலேயே அதற்கு உரிமம் பெற்றார். சக்கரத்தோடு சுழலும் தட்டு ஒன்றை இருபுறமும் இரு கட்டைகள் கவ்வுதலே அதன் தத்துவம். அவர் பயன்படுத்திய செம்புக் கட்டைகள் கூச்சலிட்டதோடு அக்காலத்துப் புழுதி வீதிகளிலே விரைந்து தேய்ந்தும் போயின. அரை நூற்றாண்டு கழித்து, 1953 இலே பிரான்சின் லெ மான் ஓட்டப்போட்டியிலே டிஸ்க் பிறேக் பொருத்திய ஜகுவார் வண்டி வென்றபோதே உலகம் அதனைத் திரும்பிப் பார்த்தது. 1955 இலே சிற்றொயன் டி.எஸ். கார் அதனை முன்சக்கரங்களிலே பொருத்தி வெளிவந்தது. இலங்கையிலே 1977 இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின்னர் பெருகிய யப்பானியக் கார்களும் வான்களும் இதனைப் பரவலாக்கின. தோட்டத்தைப் பொறுத்தவரை டிஸ்க் முதலில் வந்தது துரையின் காருக்கே. கொழுந்தையும் ஆட்களையும் ஏற்றிய லொறி டிறத்தோடேயே இறங்கிற்று.

டிஸ்க்கின் சிறப்பு மாட்டு வண்டியின் சிறப்பேயாகும். தேய்வு மீண்டும் வெளியே தெரியலாயிற்று. சக்கரத்தின் இடைவெளியூடாகவே தட்டையும், கலிப்பர் கவ்விய பேட்டின் தடிப்பையும் ஓரளவு பார்க்கலாம். வெப்பத்தால் தட்டு தடிக்கும்போது அது பேட்டை நோக்கியே தடிப்பதால் மிதிகட்டை டிறத்திற்போலக் கீழே போகாது. ஈரத்தையும் சுழற்றி எறிந்துவிடும். எனினும் சப்பிரகமுவவின் நிலமும் மழையும் இதனையும் சோதிக்கத் தவறவில்லை. புதிய பேட்டின் உராய்பொருள் பத்துப் பன்னிரண்டு மில்லிமீற்றர் தடிப்புடையது. மூன்று மில்லிமீற்றர் அளவிற்கு வந்ததும் மாற்றுதல் வேண்டும் என்பது பொது விதி. சமவெளியிலே பல்லாயிரம் கிலோமீற்றர் உழைக்கும் பேட், நாள்தோறும் இறக்கத்திலே ஓடும் வானிலே அதிற் பாதியும் உழைக்காதிருக்கலாம். ஆகவே கிலோமீற்றர்க் கணக்கை நம்பி மாற்றுதல் மலைநாட்டுக்குப் பொருந்தாது. தடிப்பைப் பார்த்தே மாற்றல் வேண்டும். சில பேட்டுகளிலே மெல்லிய உலோக நாவொன்று உண்டு. பேட் மெலிந்ததும் அது தட்டிலே பட்டுக் கீச்சிடும். அவ்வொலியைப் பிறேக்கின் குறையெனக் கருதி எண்ணெய் தடவச் சொல்வோரும் உளர். அது எச்சரிக்கை, எண்ணெய் பட்ட பேட்டோ குப்பைக்கே உரியது.

ஓர் இரவு மழையிலே நின்ற வண்டியின் தட்டிலே காலையிற் செந்துரு படியும். அஃது இரண்டொரு மிதியிலே அகன்றுவிடுமாதலின் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது கலிப்பரின் சறுக்கு ஊசிகள் துருப்பிடித்து இறுகுதலை. இறுகினால் ஒருபுறத்துப் பேட் மாத்திரம் தேய்ந்து, வெளியே தெரியும் பேட் தடிப்பாயிருக்க, உள்ளே மறைந்த பேட் உலோகம் வரை போய்விடும். வெளியே மாத்திரம் பார்த்து நலமென்று எண்ணும் சாரதி ஏமாறும் இடம் இதுவே. செம்மண் பாதையின் மணலும் மாணிக்கக் குழிகளை அண்டிய சேறும் பேட்டுக்கும் தட்டுக்கும் இடையே புகுந்து வட்டம் வட்டமாகக் கீறும். 2003, 2017 ஆகிய ஆண்டுகளின் மே மாதங்களிலே இரத்தினபுரியை மூழ்கடித்த வெள்ளங்களைப் போன்ற வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழற்றிக் கழுவாமல் ஓட்டுதல் அறிவுடைமையன்று.

தட்டுக்கும் ஆயுள் உண்டு. அதன் ஓரத்திலோ மையத்திலோ இருக்கலாகும் மிகக்குறைந்த தடிப்பு பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்கும் கீழே மெலிந்த தட்டு வெப்பத்தைத் தாங்காது. மிதிக்கும்போது வண்டி நடுங்கினால் 'தட்டு வளைந்துவிட்டது' என்பர். பெரும்பாலும் நிகழ்வது வளைதலன்று. தடிப்பு இடத்துக்கிடம் வேறுபடுதலே. சக்கர நட்டுகளைச் சமனின்றி இறுக்குவதும், நீண்ட இறக்கத்தின் முடிவிலே கொதிக்கும் தட்டை அழுத்திப் பிடித்தபடியே நிற்பதும் அதற்கு வழிவகுக்கும். நின்ற இடத்திலே பேட்டின் பொருள் தட்டில் ஒட்டிக்கொள்ளும். இறக்கம் முடிந்தபின் சிறிது தூரம் மெதுவாக ஓட்டி ஆறவிடுதல் இதனாலேயே கூறப்படுகின்றது.

கண்ணுக்குப் புலனாகாத தேய்வு ஒன்று இன்னும் உண்டு. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகை எண்ணெய் புதிதாயிருக்கையிலே குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது நிற்கும். ஈரமேறிய பின் அத்தரத்தின் எல்லை 140 பாகையாகும். டொட் 4 வகைக்கு அவை முறையே 230, 155 ஆகும். எண்ணெய் கொதித்தால் குழாயிலே ஆவிக்குமிழி தோன்றும், குமிழி அமுங்கும், மிதிகட்டை வெற்றிடத்திலே மிதிப்பது போலத் தரைவரை செல்லும். பேட் புதியது, தட்டு புதியது, ஆயினும் வண்டி நில்லாது. ஆறிய பின்னர் சோதித்தால் அனைத்தும் சரியாகவே இருக்கும்! சாரதி பொய் சொல்கின்றான் என்ற முடிவுக்கு வருவது அப்பொழுது மிக எளிது. இரண்டாண்டுக்கொருமுறை எண்ணெய் மாற்றுதற்கு ஆகும் செலவு சிறிது. எனினும் மழை மிகுந்த இம்மாகாணத்திலே பலரும் குறைந்தால் நிரப்புவர், மாற்றுவதில்லை.

2025 செப்டெம்பர் 4 ஆந் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியிலே பஸ் வண்டியொன்று பள்ளத்திலே வீழ்ந்து பதினைவர் மாண்டனர். அது ஊவாவுக்குரிய நிகழ்ச்சியாயினும் சரிவு ஒன்றே. பிறேக் செயலிழந்ததாகவே முதற்செய்திகள் கூறின. பஸ்களும் லொறிகளும் இன்னும் பெரும்பாலும் டிறம் பிறேக்கையே கொண்டவை. தோட்டத்து லயத்திலிருந்து மருத்துவமனைக்குக் கர்ப்பிணியை ஏற்றிச் செல்லும் ஆட்டோவும் அவ்வாறே. டிஸ்க்கின் தேய்வைப் பற்றி மேலே விரிவாகக் கூறியவை காரும் வானும் உடையோர்க்கே முழுமையாகப் பயன்படும். மற்றையோருக்குத் தேய்வு இன்னும் பேழைக்குள்ளேயே மறைந்திருக்கின்றது.

2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் அது மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிலே நாட்டிலிருந்த வண்டிகள் முதுமையடைந்தன; உதிரிப்பாகங்களின் விலை ஏறிற்று; 1970 களிலே டிறத்தைக் கடைந்தது போலத் தட்டைக் கடைந்து மாட்டினர். பொறித்த எல்லைக்குக் கீழே கடைந்தவற்றையும் சந்தையிலே கண்டவர்கள் உளர். இக்காலத்தின் மற்றொரு புதுமை கலப்பு மின்கார்கள். அவை இறக்கத்திலே மின்மோட்டாரைக் கொண்டே வேகத்தை அடக்கி, கிடைக்கும் ஆற்றலை மின்கலத்திலே சேமிப்பன. அதனால் அவற்றின் பேட்டுகள் தேய்வதே அரிது. தேய்வு இன்மையும் ஒரு கேடாயிற்று: உரசப்படாத தட்டிலே துரு நிலைத்துவிடுகின்றது. கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலையை நோக்கி இறங்கும் நீண்ட சரிவின் பாதியிலே மின்கலம் நிறைந்துவிட்டால் சேமிக்க இடமிராது. நெடுநாள் வேலையின்றி இருந்த தட்டிடமும் பேட்டிடமும் பெருஞ்சுமை சடுதியாக வந்து சேரும். இதற்கெனவே பல கலப்புக் கார்களின் கியர்ப் பிடியிலே 'பி' என்னும் நிலை ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அதிலே இட்டால் இயந்திரமே வண்டியைப் பிடிக்கும். லொறி ஓட்டிய முதியவருக்கு அவ்வெழுத்தின் பொருளை விளக்கியபோது, அது தமக்கு முன்னமே தெரிந்த சங்கதிதான் என்று கூறி அடுத்த பேச்சுக்குப் போனார்.